ஓரத்துக் கொட்டமுத்து

அவள் புழக்கடையில் முதலில் ஊன்றுகிற விதை, எங்கள் வீட்டில் யாரும் தின்னாத விதை. மாசி முடியப் போகிற நேரத்தில் ஊரே மிளகாய் நாற்றுக்கு எருப் பொடி சலித்துக்கொண்டிருக்கும். இவள் மடியில் கொட்டமுத்தைக் கட்டிக்கொண்டு மேற்கு ஓரமாகப் போவாள். கொட்டமுத்து என்றால் ஆமணக்கு. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். மேற்கிலும் தெற்கிலும் முழத்துக்கு ஒன்றாக ஒரு வரிசை ஊன்றுவாள். அது முளைத்துக் கையகல இலை விட்ட பிறகுதான் உள்ளே மற்றதற்குப் பாத்தி கட்டுவாள்.

அவள் என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்சாதி. எனக்கு ஓரகத்தி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். மாமியார் அவளைப் பெரியவ என்றும் என்னைச் சின்னவ என்றும் சொல்வார். பேர் சொல்லி அவளைக் கூப்பிட அந்த வீட்டில் ஆள் கிடையாது. அவள் பேர் எனக்குத் தெரியும். இங்கே எழுதக் கை வரவில்லை.

நான் பிறந்தது பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம். எங்கள் அப்பாவுக்கு இரண்டு கிணறு. இரண்டிலும் கோடையில்கூட மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓடும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் பொய்யாகிவிடும். பெருமைக்குத்தான் சொல்கிறேன். கம்பைநல்லூருக்கு இரண்டு கல் தள்ளி இருந்த அந்த ஊருக்கு நான் வாழ்க்கைப்பட்டுப் போனபோது, "ரெண்டு கெணத்து வூட்டுப் பொண்ணு" என்று சொல்லித்தான் மாமியார் என்னை எல்லோருக்கும் காட்டினார். அந்த வீட்டுக்கு இருந்தது ஒரே கிணறு. சித்திரை பிறந்தால் அதிலும் சேறுதான்.

அக்கா பிறந்தது ஏரியூர்ப் பக்கம். அவள் அம்மா காவேரிக்கு அந்தக் கரைக்காரி என்பதால், இவள் பேச்சிலும் இரண்டு கன்னடச் சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. முக்கியமாக ஒன்று, "இர்லி." இருக்கட்டும் என்று அர்த்தம். முள் குத்தினாலும் இர்லி, சோறு தீர்ந்துபோனாலும் இர்லி. "இர்லியாம் இர்லி, எளவு வுழுந்த வூட்லகூட இதே சொல்லுவா" என்று மாமியார் பழித்துக் காட்டுவார். அதற்கும் அவள் இர்லி என்றுதான் சொல்வாள், வாய்க்குள்.

ஆள் நெட்டை. நடக்கும்போது தோள் முன்னால் சாயும். அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எந்தச் செடியையும் அவள் தனியாக வைக்கமாட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சேர்த்தி உண்டு. மிளகாய்க்கு நடுவே சின்ன வெங்காயம், கத்தரிக்கு நடுவே செண்டுமல்லி. சோளத் தட்டைப் பிடித்துக்கொண்டு தட்டைப்பயறு ஏறும், அதன் காலடியில் பூசணி படரும்.

"பூசணி எதுக்கு அக்கா இங்க?" என்று கேட்டேன்.

"மண்ணுக்கும் வெயில் சுடுமில்ல புள்ள. அந்த எலதான் அதுக்கு முக்காடு."

வெங்காயத்தையும் பயறையும் மட்டும் பக்கத்தில் வைக்கமாட்டாள். "அதுங்க பேச்சுவார்த்த இல்லாத சனம்" என்பாள். சிரிக்காமல் சொல்வாள்.

கோடையில் செடிக்கென்று தண்ணீர் இறைக்க வழியில்லை. குளிக்கிற கல்லிலிருந்து விரல் அகலத்தில் ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தாள். நாங்கள் குளித்த தண்ணீர் வெண்டைக்குப் போகும். அரிசி கழுவின தண்ணீரும் பாத்திரம் கழுவின சாம்பல் தண்ணீரும் மிளகாய்க்கு. எல்லோரும் குளித்து முடித்த பிறகு அவள் கத்தரிப் பாத்திக்குள்ளேயே போய், கொட்டமுத்து இலை மறைவில் நின்று, ஒரே குடத்தில் குளித்துவிட்டு வருவாள். காலெல்லாம் சேறாக இருக்கும். குளித்தாளா குளிக்கவில்லையா என்று நான் கேலி செய்வேன்.

கொட்டமுத்து இலையில் பங்குனியிலேயே புழு வந்துவிடும். இலைக்கு அடியில் ஒரே கூட்டமாக இருந்துகொண்டு, பச்சையைச் சுரண்டித் தின்று இலையைச் சல்லடையாக்கிவிடும். அவள் தினமும் காலையில் அந்த வரிசையோடு நடப்பாள். சல்லடையான இலையை மட்டும் காம்போடு கிள்ளிக் கோழிகளுக்குப் போடுவாள். மற்ற இலைகளை விட்டுவிடுவாள். இலையைத் திருப்பிப் பார்த்து, "வந்துட்டியா, உக்காரு" என்று புழுவோடு பேசுவாள்.

"அதெல்லாம் பூச்சி புடிச்ச செடி, புடுங்கி எறியக் கூடாதா" என்று வந்த புதிதில் கேட்டிருக்கிறேன்.

"பூச்சிக்கும் வவுறு இருக்குது புள்ள. அதுக்கு ஒரு எடம் காட்டிட்டா, அது ஏன் மொளகாய்க்குப் போவுது? இது ஓரத்துல நின்னு வாங்கிக்கும். மேக்கு வெயிலையும் இதுதான் வாங்கும்."

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுத் தோட்டத்தில் இதெல்லாம் இல்லை. எங்களுக்கு இரண்டு கிணறு.

என் மாமியாரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். காலையில் யாரையாவது திட்டாமல் அவருக்குக் களி இறங்காது, அவ்வளவுதான். கண்ணில் பூ விழுந்து ஆட்கள் நிழலாகத்தான் தெரிவார்கள். காதை வைத்துத்தான் வீட்டை நடத்தினார். எந்த மூலையில் எது உருண்டாலும் அவருக்குத் தெரியும். அந்தத் திட்டு முழுக்க அக்காவுக்குத்தான் போகும். என்னை ஒரு சொல் சொன்னதில்லை. நான் வளர்ந்த விதம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். பிறந்த வீட்டுக்குப் போனபோது, "அத்தை என்கிட்ட வாயே தொறக்கறதில்ல" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா மோவாயில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

அக்காவோ எதையாவது கீழே போட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் நான் அடுப்பில் பாலைப் பொங்க விட்டுவிட்டேன். தீய்ந்த வாசனை எட்டியதும், "யாருடி அது பால" என்று மாமியார் ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் பின்கட்டில் பித்தளைக் கொப்பரை தடதடவென்று உருண்டது. திட்டு அங்கே போய்விட்டது. இன்னொரு நாள் கொள்ளுப் பருப்பில் நான் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன். மாமியார் முதல் கவளத்தை வாயில் வைக்கவும், அக்கா தண்ணீர்ப் பானையில் இடித்து அதைக் கவிழ்க்கவும் சரியாக இருந்தது. கோடையில் ஒரு பானைத் தண்ணீர். அன்றைக்குப் பொழுது சாயும் வரை அவள் வாங்கிக் கட்டிக்கொண்டாள். உப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

இப்படிக் கை தவறுகிற பொம்பளையை நான் கண்டதில்லை என்று நினைப்பேன். மிளகாய் நாற்றை ஒரு வேர் அறாமல் பிடுங்கி நடுகிற கை அது. பயற்றங்கொடியைச் சோளத் தட்டில் சுற்றிவிடும்போது ஒரு தளிர்கூட முறியாது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவளுக்குப் பிள்ளை இல்லை. ஏழு வருசம் ஆகியிருந்தது. மூத்த மகனுக்கு வேறு பெண் கட்ட வேண்டும் என்று மாமியார் தூரத்துச் சொந்தத்தில் ஒருத்தியைப் பார்த்தும் வைத்திருந்தார். அவள் வீட்டுக்காரர், என் மூத்தார், அதிகம் வாய் திறக்காத மனிதர். வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லத் தெரியாது, சரி என்றும் சொல்லமாட்டார். "ராகி அறுத்த பொறவு பாக்கலாம்." "மாடு வாங்கின பொறவு பாக்கலாம்." இப்படியே தள்ளிக்கொண்டு வந்தார்.

"அவரு தள்ளற வரைக்கும் தள்ளட்டும்" என்று அக்கா ஒரு நாள் களை பிடுங்கிக்கொண்டே சொன்னாள். "நானு இந்தப் பொழக்கடைய நல்லா வெச்சிக்கிட்டா, இவ வேணும்னு வூட்டுக்கு இருக்கும். வேற என்னா இருக்குது எனக்கு, சொல்லு."

அது வெள்ளைக்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் சண்டை நடந்த காலம். சீமெண்ணெய்க்கு அட்டை வந்துவிட்டது. மழை இரண்டு வருசமாகப் பொய்த்துப்போனது. கம்பைநல்லூர்க் கடையில் வற்றல் மிளகாய் வைக்கிற சாக்கு வெறுமனே மடித்துக் கிடந்தது. அப்போதெல்லாம் எங்கள் சாப்பாடு களிதான். மிளகாய் இருந்தால் புளியோடு நசுக்கி வைத்துக்கொண்டு ஒரு வருசத்தை ஓட்டிவிடலாம். இல்லாவிட்டால் களி தொண்டையில் நிற்கும். அந்த வருசம் அவள் புழக்கடையில் பாதியை மிளகாய்க்கே விட்டாள். சித்திரையில் ஊரெல்லாம் காய்ந்து கிடக்க, எங்கள் மிளகாய் பூவும் பிஞ்சுமாக நின்றது. மாமியார்கூட, "மொளகா எடுக்கட்டும். அதுவரைக்கும் அந்தப் பேச்ச எடுக்கல" என்று மகனிடம் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் ஏரியூரிலிருந்து ஆள் வந்தது. அக்காவின் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார் என்று சொன்னார்கள். போகும்போது என்னிடம் சொன்னாள், "நாலு நாளு. அரிசி கழுவுன கழனித் தண்ணிய மட்டும் மறக்காம ஊத்து. வேற எதையும் தொடாத."

எனக்கு அப்போது மூன்று மாதம். வாந்தியும் மயக்கமுமாக இருந்தேன். என்னைப் பார்க்க என் அம்மா வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். அம்மா வந்தால் புழக்கடைப் பக்கம் போவாள். மேற்கு ஓரத்தில் கொட்டமுத்து ஒரு இலை பாக்கியில்லாமல் ஓட்டை ஓட்டையாக, புழுவும் எச்சமுமாக நின்றது. அக்கா போனதால் கிள்ளிப் போட ஆளில்லை. இந்த அசிங்கத்தை அம்மா பார்த்தால் என்னை என்ன நினைப்பாள்? கழனித் தண்ணீரையும் இதுதான் குடிக்கிறது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் எல்லோரும் படுத்திருந்தபோது இரண்டு வரிசையையும் பிடுங்கினேன். வேரை உதறி மிளகாய்ப் பாத்திக்குப் பக்கத்தில் குவித்தேன். காய்ந்ததும் அடுப்புக்கு ஆகும் என்று எண்ணம். பிறகு தரையைப் பெருக்கினேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "சுத்தமா வெச்சிருக்கற" என்றாள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் எல்லாம்.

அம்மா போன மறுநாள் காலையில் மிளகாய் இலையில் சல்லடை. அதற்கு அடுத்த நாள் பிஞ்சுகளில் ஓட்டை. நான் நாலைந்து புழுவைக் குச்சியால் தள்ளிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். பார்க்கவே குமட்டியது.

அக்கா ஆறாம் நாள் வந்தாள். அப்பாவை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். முகம் கழுவாமல் நேராகப் புழக்கடைக்குத்தான் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"கொட்டமுத்து எங்க?"

"புடுங்கிட்டேன் அக்கா. பூச்சியா இருந்துது."

"எங்க போட்ட?"

நான் குவியலைக் காட்டினேன். அது சருகாகக் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு மிளகாய்ப் பாத்தியைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவே ஒரு எட்டுத்தான்.

"இது செத்துப் போச்சுன்னா அதுங்க எங்க போவும் புள்ள?" என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாம்பல் தண்ணீர்ச் சட்டியோடு உட்கார்ந்தாள். இருட்டும் வரை புழு பொறுக்கினாள். மறுநாளும் பொறுக்கினாள், அதற்கு அடுத்த நாளும். நான்காம் நாள் பாத்தியில் குச்சிதான் நின்றது.

காதை வைத்து வீடு நடத்துகிற மாமியாருக்கு, மூன்று நாளாக அக்கா எதையும் கீழே போடாததே சந்தேகமாகிவிட்டது. "பெரியவ சத்தமே காணமே" என்று சொல்லிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி புழக்கடைக்கு வந்தார். குனிந்து பாத்தியோடு கையை ஓட்டினார். ஒரு குச்சி, அடுத்த குச்சி, அடுத்தது. வரிசை முடியும் வரை கை போனது.

"எவடி இத செஞ்சவ?"

நான் வாயைத் திறந்தேன். திறந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சத்தம் வரவில்லை.

"நாந்தானுங்க அத்த" என்றாள் அக்கா. "ஊருக்குப் போற அவசரத்துல ஓரத்துக் கொட்டமுத்தப் புடுங்கிப் போட்டுட்டேனுங்க. பூச்சி உள்ள வந்துருச்சு."

அவள் யோசித்துச் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றவில்லை. கொப்பரை விழுகிற மாதிரிதான் அந்தச் சொல்லும் விழுந்தது.

மாமியார் அன்றைக்குக் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பொறந்த வூட்டுக்குப் போற அவசரத்துல எங்க வூட்டுச் சோத்துல மண்ணப் போட்டவ. பொறந்த வூட்லயே இருக்கட்டும்" என்றார் மெதுவாக. மூத்தார் அங்கேதான் நின்றார். எதற்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல்ல அவரிடம் ஒன்றும் மிச்சம் இல்லை.

அன்று சாயந்திரம் அவள் துணியை மூட்டை கட்டும்போது கேட்டேன், "ஏன் அக்கா அப்படிச் சொன்ன?"

"நானு ஏற்கெனவே ஓட்ட வுழுந்த எல. நீ வாயும் வவுறுமா இருக்கறவ. ஒனக்கு எதுக்கு" என்றாள். பிறகு, "இர்லி, ஒரு மாசத்துல கூப்புட்டுக்குவாங்க" என்றாள்.

கூப்பிடவில்லை. ஆவணியில் மூத்தாருக்கு வேறு பெண் கட்டினார்கள்.

புதிதாக வந்தவள் சூட்டிகை. பானையைப் பிடித்தால் பூவைப் பிடித்த மாதிரி பிடிப்பாள். எங்கே சத்தம் எழும்புகிறதோ அங்கே இருக்கமாட்டாள். அக்கா போன பிறகுதான் என் மாமியாரின் வாய் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்தது. பால் பொங்கினால் எனக்கு, உப்புக் கூடினால் எனக்கு, கன்று அவிழ்ந்தால் எனக்கு. "ரெண்டு கெணத்து வூட்டுப் பொண்ணு" என்ற அதே சொல்தான். முன்பு அதில் தேன் இருந்தது. "ரெண்டு கெணத்து வூட்டுப் பொண்ணுக்குக் களியில கட்டி ஒடைக்கத் தெரியல பாரு" என்று தெருவுக்குக் கேட்கும்படி வரும். எங்கள் அப்பாவின் கிணறுகளை நினைத்தாலே எனக்குக் கூசும்.

மூன்று வருசம் கழித்து ஏரியூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் அவள் தம்பி வீட்டைத் தேடிப் போனேன். வாசலுக்கு வருவதற்கு முன்பே தம்பி பெண்சாதி அவளைத் திட்டுகிற சத்தம் கேட்டது. அக்காவுக்குக் குடியிருக்க ஓரமாக ஒரு ஓலைக் கொட்டாய் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பின்னால் ஒரு துண்டு நிலத்தில் கத்தரியும் செண்டுமல்லியும் இருந்தன. மேற்கு ஓரத்தில் கொட்டமுத்து. அவள் உடம்பு பாதியாகியிருந்தது.

என் மகனைத் தொட்டுப் பார்த்தாள். தூக்கவில்லை. "மேக்கோரம் கொட்டமுத்து போட்டியா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"இல்லக்கா."

"போடு." பிறகு, "இப்ப அத்த யாரத் திட்றாங்க?" என்றாள்.

"என்னத்தான்."

"புதுசா வந்தவ?"

"அவ எதையும் கீழ போட மாட்டா."

அக்கா சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "கீழ போடணும் புள்ள. ஒருத்திக்கு வரும்போது இன்னொருத்தி போடணும். நீ கொள்ளுல ரெண்டு தடவ உப்பப் போட்ட அன்னிக்கு, பானை தானா கவுந்துதுன்னா நெனச்சிட்டு இருந்த?"

மகனை இறக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"நான் அத்தைகிட்ட சொல்லிடறேன் அக்கா. புடுங்கினது நாந்தான்னு."

"சொன்னா கூப்புட்டுக்குவாங்களா?"

புதியவளுக்குக் கைக்குழந்தை இருந்தது.

"நாலு நாளு வசவோட போயிரும்னுதான் நெனச்சேன்" என்றாள். "தப்பாப் போச்சு. இர்லி." எழுந்துபோய் ஒரு சல்லடை இலையைக் கிள்ளினாள். தம்பி வீட்டுக் கோழிகள் அவள் காலையே சுற்றி வந்தன.

நான் மாமியாரிடம் சொல்லவில்லை. அவள் வேண்டாம் என்றதால்தான் விட்டேன் என்று பல வருசம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. கூப்பிடுவார்களா என்றுதான் கேட்டாள். அன்றைக்கே புழக்கடையில் என் வாயில் சத்தம் வந்திருந்தால், பிள்ளைத்தாய்ச்சி என்று எனக்கு நாலு நாள் வசவோடு முடிந்திருக்கும். அவளுக்கு வீடு போயிற்று. இரண்டு கிணற்று வீட்டுப் பெண் தப்பு செய்தாள் என்று ஊரார் காதில் விழ எனக்கு மனசில்லை. மாமியார் கடைசியில் என் மடியில்தான் கண்ணை மூடினார். அப்போதுகூடச் சொல்லவில்லை.

அதற்கு முன்பே அக்கா போய்விட்டாள். ஒரு கோடையில் ஏரியூர்ப் பக்கம் வாந்திபேதி வந்தது. அவள் போய் ஒரு மாதம் கழித்துச் சந்தைக்கு வந்த ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் யாரும் தீட்டுக் காக்கவில்லை. வேண்டாம் என்று விட்டவளுக்கு என்ன தீட்டு என்று சொல்லிவிட்டார்கள். நான் மட்டும் ஒரு குடம் தண்ணீரை எடுத்துக்கொண்டு கத்தரிப் பாத்திக்குள் போய், நின்றபடி தலையில் ஊற்றிக்கொண்டேன். மறைவுக்குக் கொட்டமுத்து இல்லை. புதியவள் பார்த்துவிட்டு, "இங்க நின்னா குளிப்பாங்க?" என்று கேட்டாள். தலை சுற்றியது என்று சொன்னேன்.

இப்போது எனக்கும் இரண்டு மருமகள்கள் இருக்கிறார்கள். எனக்கும் வாய் நீளம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சமையற்கட்டில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டால் வாயை மூடிக்கொள்வேன். யார் போட்டது என்று கேட்பதில்லை. எழுந்துபோய், அந்த நேரத்தில் இன்னொருத்தி என்ன செய்துகொண்டிருந்தாள் என்றுதான் பார்ப்பேன்.